டெல்ஃபீனின் வாயும் கரும்பாசிக் குழியும்

இன்ச்செலியத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற டெல்ஃபீன் மொரிஸெட்டுக்கு அறுபத்து மூன்று வயது. இந்த அறுபத்து மூன்று வருஷத்தில் அவள் யாரையாவது மனதாரப் பாராட்டினாள் என்று சொல்ல எங்கள் ஊரில் ஒரு சாட்சி கிடையாது. பாதிரியார் பிரசங்கத்தை முடித்தால் "ம்க்கும்" என்பாள். அலுவலகத்துக்குப் புதிதாக வந்த அதிகாரி கை நீட்டினால் கையைப் பார்ப்பாள், ஆளைப் பார்ப்பாள், பிறகு "ம்க்கும்". அந்த ஒரு கனைப்பில் ஒருவனுடைய மூன்று தலைமுறையையும் எடை போட்டுக் கீழே வைத்துவிடுவாள். அவள் பேருந்து படகுத்துறைக்கு வந்தால் ஃபெர்ரிக்காரன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நிற்பான்.

அவளுடைய ஏளனத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாங்கள் சினைக்ஸ்ட் பழங்குடி. எங்கள் ஏரிகளும் கல்லறைகளும் பெரும்பாலும் எல்லைக்கு வடக்கே, கனடாவில் கிடக்கின்றன. நாங்கள் எல்லைக்குத் தெற்கே, பழங்குடிகளுக்கென்று அமெரிக்கா ஒதுக்கிய கோல்வில் ரிசர்வேஷனில் கிடக்கிறோம். 1956இல் கனடாக்காரர்கள் எங்கள் இனம் அற்றுப்போய்விட்டது என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். இங்கே நாங்கள் பிள்ளை பெற்று, சீட்டாடி, சொந்தக்காரனோடு வேலித் தகராறு செய்துகொண்டு இருந்தது அவர்கள் கண்ணில் படவில்லை. இப்படியொரு கூத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு மனுஷர்கள் மேல் மரியாதை எங்கிருந்து வரும்?

1993இல் அவள் வடக்கே போகக் கிளம்பியதை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். எல்லைச் சாவடியில் ஒரு பையன், மீசைகூட ஒழுங்காக முளைக்காதவன், எங்கே போகிறாய் என்று கேட்டான்.

"எங்க ஊருக்கு" என்றாள் டெல்ஃபீன்.

"உங்க ஊரு பின்னாடில்ல இருக்கு?"

"அது நான் தூங்குற இடம். என் ஊரு முன்னாடி இருக்கு. நான் சினைக்ஸ்ட்."

பையன் உள்ளே போய் ஏதோ புத்தகத்தைப் புரட்டிவிட்டு வந்தான். "அப்படி ஒரு இனம் இப்ப இல்லைங்களே, மேடம். அத்துப்போச்சுன்னு போட்டிருக்கு."

"அப்படியா ராசா? அப்ப செத்தவகிட்ட எதுக்கு அடையாள அட்டை கேக்குற? பொணத்தை வழிமறிக்கிற சாவடியை இன்னிக்குத்தான் பார்க்குறேன்."

அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அவனுடைய மேலதிகாரியையும், அந்த அதிகாரியின் தாத்தா எந்தக் கப்பலில் வந்து இறங்கினார் என்பதையும் விசாரித்தாள். ஐந்து வருஷம் அந்தப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்று தாளில் குத்திக் கொடுத்து அனுப்பினார்கள்.

அவளுடைய சிநேகிதி ஆர்டித் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டாள். "மீன் பிடிக்கப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பான்ல? எல்லாரும் அப்படித்தானே போறாங்க?"

"என் வீட்டுக்குள்ள நான் பொய் சொல்லிட்டு நுழையணுமா? அப்படி நுழையறவளை மனுஷின்னே சொல்ல மாட்டேன். திருட்டுப் பூனை! தூ!"

டெல்ஃபீனின் அம்மா செலெஸ்ட் அப்போது அடுப்பருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை. செலெஸ்ட் பிறந்தது வடக்கே, ஆரோ ஏரிக் கரையில். ஆறு வயதில் அங்கிருந்து வந்தவள். பின்னால் அணை கட்டி ஏரியை உயர்த்தியபோது அந்த இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. "வெள்ளைப் பாறைக்குக் கீழ, ஓடை வளையுற இடம்" என்று மட்டும் சொல்வாள். டெல்ஃபீனுக்கு விதித்த தடை முடிய ஒரு வருஷம் இருக்கும்போது செலெஸ்ட் செத்துப்போனாள். தடை முடிந்த பிறகு டெல்ஃபீன் ஒவ்வொரு ஆகஸ்டிலும் பள்ளி விடுமுறையில் போய் அந்தக் கரை நெடுகத் தேடினாள். ஆகஸ்டில் அணை நிரம்பி நிற்கும். வெள்ளைப் பாறை அந்தக் கரையில் முப்பது இருக்கிறது, ஓடை நாற்பது இருக்கிறது. எது என்று காட்ட யாரும் இல்லை. தண்ணீரைப் பார்த்து "ம்க்கும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவாள்.

அவள் ஊரில் எல்லாரையும் ஏளனம் செய்தாள் என்றாலும், அதில் பெரிய பங்கை ஒருவனுக்கென்று எடுத்து வைத்திருந்தாள். நார்பர்ட். அவளுடைய சித்தி மகன், அவளைவிட ஐந்து வயது மூத்தவன். எங்கள் வழக்கப்படி சித்தி மகனும் கூடப்பிறந்தவன்தான். ஆனால் டெல்ஃபீன் அவனை அண்ணன் என்று கூப்பிட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "அந்த ஆளு" என்பாள். பெயரைச் சொன்னால் நாக்கு தேய்ந்துவிடும் என்பதுபோல.

அந்தத் தடைக்கெல்லாம் முன்னால், வடக்கே சாலை போட வந்தவர்கள் எங்கள் ஆட்களின் எலும்புகளைத் தோண்டியெடுத்த வருஷம் ஒன்று உண்டு. டெல்ஃபீனும் ஆர்டித்தும் இன்னும் கொஞ்சம் பேரும் போய் மழையில் கூடாரம் போட்டு மறித்து உட்கார்ந்தார்கள். நார்பர்ட்டைக் கூப்பிட்டதற்கு அவன் சொன்னது ஊருக்கே மனப்பாடம்: "செத்த எலும்புக்காக உசுரோட இருக்குறவன் எதுக்கு அடி வாங்கணும்?" அதற்குப் பிறகு டெல்ஃபீன் அவனை மதித்தால் ஆச்சரியம்.

போதாததற்கு அவனுடைய மீன் பிடிப்பு வேறு. வருஷம் தவறாமல் மே மாதம் ஒரு தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு நாள் காணாமல் போவான். முழங்கால்வரை சேறோடு வருவான். ஒரு மீன், ஒரே ஒரு மீன், நரம்பு மாதிரி ஒரு குஞ்சு மீன்கூடக் கொண்டு வந்தது கிடையாது. தூண்டில் கடையிலிருந்து வந்த அன்று இருந்த பளபளப்போடு அப்படியே இருக்கும். "முப்பது வருஷமா மீனுக்கு வேடிக்கை காட்டிட்டு வர்றான். மீனுங்களே பரிதாபப்பட்டு ஒண்ணை அனுப்பி வைக்கலாம்" என்பாள் டெல்ஃபீன்.

2021இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் நாங்கள் அற்றுப்போகவில்லை, அங்கே எங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லிவிட்டது. உயிரோடு இருக்கிறீர்கள் என்று சொல்ல நீதிபதிகள் தேவைப்பட்டது ஒரு கேவலம். சரி, போகட்டும். மறு மாதமே நார்பர்ட் எங்கள் விழாக்களுக்குப் போடுகிற நாடா தைத்த சட்டையும் கழுத்து நிறைய மணிமாலையுமாகக் கிளம்பிவிட்டான். எந்த மேடை போட்டாலும் முதல் வரிசை. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்களே, அதற்கு உடம்பு முளைத்து நாடா சட்டை போட்டது போல. 'சினைக்ஸ்ட் பண்பாட்டுத் தூதர்' என்று அட்டைகூட அச்சடித்துக்கொண்டான். ஆர்டித் அதில் ஒன்றைக் கொண்டு வந்து காட்டியபோது டெல்ஃபீன் அதால் பல் குத்தினாள்.

"தூதராம் தூதரு! யாரு அனுப்புன தூது? எலும்பா அனுப்பிச்சு?"

இந்த மே மாதம் வடக்கே ஏரிக் கரையில் மூன்று நாள் கூட்டம் என்று முடிவானது. இருநூறு பேர் வருவார்கள். கரும்பாசிக் குழி போடும் பொறுப்பு டெல்ஃபீனுக்கு வந்தது. வேறு யாரிடம் போகும்? ஊசியிலை மரக் கிளைகளில் முடி மாதிரித் தொங்குமே, அந்தப் பாசி. கயோட்டி நரியின் தலைமயிர் மரத்தில் சிக்கியதுதான் அது என்று எங்களிடம் ஒரு கதை உண்டு. அதை அலசி, குச்சி பொறுக்கி, காமாஸ் கிழங்கோடும் காட்டு வெங்காயத்தோடும் சூடேறிய கல்லின் மேல் அடுக்கி மண்ணால் மூடினால், மறுநாள் கருகருவென்று இனிப்பாக வரும். சொன்னால் சுலபம். கல் சரியில்லை என்றால் போச்சு, ஈரம் அதிகமானால் போச்சு.

இன்னொன்றும் உண்டு. டெல்ஃபீன் அம்மா வீட்டு வழக்கம் அது. குழியில் தீ பற்றியதிலிருந்து மறுநாள் குழியைத் திறக்கும்வரை, குழி காக்கிறவள் யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லக் கூடாது. திட்டு, சாபம், குத்தல், எதுவும் கூடாது. சொன்னால் பாசி வெளுத்துக் கசந்துவிடும், கிழங்கு கல்லாகிவிடும். செலெஸ்ட் குழி போட்ட நாட்களில் ஒரு தடவைகூட அது கெட்டதில்லை. செலெஸ்ட் வாயில்லாப் பூச்சி, அவளுக்கென்ன? இங்கே நிலைமை வேறு.

"குழியைப் பத்தி எனக்குப் பயமே இல்லடி. உன் வாயை நெனைச்சாத்தான் பயம்" என்றாள் ஆர்டித்.

"ஒரு நாள்தானே? நான் என்ன பச்சப் புள்ளையா?"

"பச்சப் புள்ளைன்னா பால் குடுத்து அடக்கிரலாம்."

டெல்ஃபீனுக்கு உள்ளூரப் பயம் இருந்தது. அதற்குக் காரணம் பெல்லமி என்கிற ஆள். பக்கத்துச் சிற்றூரில் ஒரு வரலாற்றுச் சங்கம், அதன் செயலாளர். அவர்களுடைய சின்ன அருங்காட்சியகத்தில் ஐம்பது வருஷமாக ஒரு பலகை தொங்கியது: 'இப்பகுதியில் வாழ்ந்து அற்றுப்போன சினைக்ஸ்ட் மக்கள்.' தீர்ப்பு வந்ததும் 'அற்றுப்போன' என்பதன் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டார். பலகையை மாற்றவில்லை, தாள் ஒட்டினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஜாதி. வெயில் அடித்தால் அந்த எழுத்து தாளுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். இப்போது கூட்டத்துக்கு அச்சடித்த நிகழ்ச்சி நிரலில் அவர் எழுதியிருந்தார்: 'கரும்பாசி: சுவை அற்றுப்போன ஓர் உணவின் மீள்முயற்சி.'

டெல்ஃபீன் அந்தத் தாளை நாலு தரம் படித்தாள். முதலில் நாங்கள் அற்றுப்போனோம், இப்போது எங்கள் சோறும் அற்றுப்போயிற்று. நாளை பாசி கசந்து வந்தால், இந்த ஆள் அந்தக் கசப்பையும் பலகையில் எழுதித் தாள் ஒட்டி வைப்பான். இருநூறு பேர் முன்னால் பாசி இனித்து வர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், ஆனால் அது கட்டாயம் வேண்டும்.

எனவே தீ வைப்பதற்கு முன்பே அவள் பெல்லமியைத் தேடிப் போய்க் கணக்கைத் தீர்த்தாள். "ஏன் சார், நீங்க ஒட்டுன தாளு மாதிரியே ஒங்க மூஞ்சிலயும் ஒண்ணு ஒட்டிக்கலாமே? 'வரலாறு தெரிஞ்சவர்'னு எழுதி" என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் விடாமல் கொடுத்தாள். மனிதர் சிவந்து, வெளுத்து, கடைசியில் குறிப்பெடுக்கத் தொடங்கிவிட்டார். அதைப் பார்த்ததும் அவளுக்குத் திட்டுகிற ஆசையே விட்டுப்போயிற்று.

"தீ வைக்கப் போறேன். வேற யாரையாவது திட்டணுமா, சொல்லு" என்று ஆர்டித் கொள்ளிக்கட்டையோடு கேட்டாள்.

"அந்த ஆளு வந்துட்டானா?"

"இன்னும் வரல."

"வருவானா? என்னிக்கு நேரத்துக்கு வந்திருக்கான்? சரி, வையி. பட்ட கடன் இருக்கட்டும், நாளைக்கு வட்டியோட குடுத்துக்கறேன்."

தீ பற்றியது. டெல்ஃபீன் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

குழியில் கிடந்த கற்கள் அவளே மூன்று நாள் மலைமேல் ஏறிப் பொறுக்கியவை. தண்ணீர் எட்டிப் பார்க்காத சரிவில், காய்ந்து கிடந்த கறுப்புக் கற்கள். ஒவ்வொன்றாய்க் கையால் தட்டிப் பார்த்து, சத்தம் கேட்டு எடுத்தவை. ஆற்றோரக் கல்லை, ஏரிக்கடியில் கிடந்த கல்லை, எங்களில் விவரம் தெரிந்தவர்கள் தீயில் போட மாட்டார்கள். உள்ளே தண்ணீர் குடித்திருக்கும். சூடேறினால் வெடித்துச் சிதறும். டெல்ஃபீனின் மாமா ஒருவருக்கு ஒரு கண் போனது அப்படித்தான்.

தீ நன்றாகப் பிடித்து, கல் சிவக்கத் தொடங்கி, பிள்ளைகள் குழியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் நார்பர்ட்டின் லாரி வந்து நின்றது. நாடா சட்டை, மணி, முழங்கால்வரை சேறு. பின்னால் ஒரு கூடை நிறைய வழவழவென்று உருண்டைக் கற்கள். பெல்லமி எங்கிருந்தோ கேமராவோடு ஓடி வந்தார். மே மாதம் அணையில் தண்ணீரை இறக்கியிருப்பார்கள். முங்கிக் கிடந்த கரையெல்லாம் சேறும் சகதியுமாக வெளியே தெரியும். அங்கே போய்ப் பொறுக்கியிருக்கிறான்.

"எல்லாரும் கேளுங்க!" என்றான் நார்பர்ட். குரல் உடைந்தது. "இது நம்ம ஆளுங்க சமைச்ச கல்லு. அம்பது வருஷத்துக்கு மேல தண்ணிக்கடியில கெடந்துச்சு. இன்னிக்கு மறுபடியும் நம்ம குழிக்கு வருது!"

கூட்டம் கை தட்டியது. ஒருத்தி அழுதாள். அவன் கூடையைக் குழியோரம் இறக்கி, ஒரு கல்லை இரண்டு கையிலும் ஏந்தித் தீயை நோக்கித் தூக்கினான். பிள்ளைகள் இன்னும் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் டெல்ஃபீன் மனதில் ஓடியதை இங்கே எழுதினால் அச்சகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அறிவு கெட்ட பயலே என்பது அதில் மிக மென்மையானது. பிறந்ததிலிருந்து இந்த இனத்தில் இருக்கிறான், எந்தக் கல்லைத் தீயில் போடுவது என்று தெரியவில்லை, தூதராம்! கண்ணீர் விட மட்டும் தெரிகிறது. பொதுவாக இப்படி ஒரு சந்தர்ப்பம் அவளுக்கு விருந்து. மூன்று வார்த்தையில் அவனை அந்தச் சேற்றுக்கே திருப்பி அனுப்பியிருப்பாள்.

ஆனால் தீ பற்றியாகிவிட்டது. திட்டினால் குழி கெடும். திட்டாமல் விட்டால் கல் வெடித்துப் பிள்ளைகள் முகத்தில் பாயும். நல்ல வார்த்தையாகச் சொல்லலாம்தான். அவனிடம் நல்ல வார்த்தை பேசி முப்பது வருஷம் ஆயிற்று, அவளுக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. ஆர்டித் அவள் முழங்கையைப் பிடித்தாள். "பல்லைக் கடிச்சுக்கோடி" என்று காதில் சொன்னாள்.

டெல்ஃபீன் நாலு எட்டு வைத்து அவன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை வெளியே வர அவள் பட்ட பாடு, பிள்ளை பெற்றபோதுகூடப் பட்டிருக்க மாட்டாள். கூட்டத்தில் அவளைத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும் சட்டென்று திரும்பிப் பார்த்தார்கள். நார்பர்ட் கல்லைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றான்.

"அண்ணே, அது தண்ணி குடிச்ச கல்லு. சூடு பட்டா வெடிக்கும். புள்ளைங்க நிக்குதுங்க பாருங்க. கீழ வச்சிருங்கண்ணே."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அடுத்தாற்போல் குத்தல் வரும் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. வரவில்லை. மெல்லக் குனிந்து கல்லைக் கூடையில் வைத்தான்.

"மறந்துட்டேன்ம்மா" என்றான். "கல்லைப் பார்த்ததும் வேற எதுவும் ஞாபகம் வரல."

பெல்லமிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "ஒரு சின்னக் கல்லு மட்டும் போட்டா? போட்டோவுக்கு?" என்றார். டெல்ஃபீன் அவர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள். ஆர்டித் பாய்ந்து வந்து அந்த வாய்க்குள் ஒரு துண்டு உப்புக்கண்டத்தைத் திணித்தாள். அதை மென்றுகொண்டே டெல்ஃபீன் பெல்லமியைப் பார்த்துச் சிரித்தாள். காலையில் வாங்கிய திட்டைவிட அந்தச் சிரிப்புக்குத்தான் மனிதர் அதிகம் பயந்தார். அன்று முழுவதும் குழிப்பக்கம் வரவில்லை.

கரியை வாரி எடுத்தார்கள். சதுப்பில் பறித்த அகல இலைகளைக் கல்மேல் பரப்பி, பாசி, கிழங்கு, வெங்காயம், மறுபடி பாசி என்று அடுக்கி, இலை போட்டு மண்ணால் மூடினார்கள். அதற்கப்புறம் குழிக்கு வேலை இல்லை, டெல்ஃபீனுக்குத்தான் வேலை. அவளைச் சோதிக்கவென்றே வந்தது போல ஒவ்வொன்றாய் வந்தது. நகர மன்றத்து ஆள் ஒருவர் 'இந்த மண்ணின் பூர்வ மக்களை வணங்கி' என்று தாளைப் பார்த்து வாசித்தார். எங்கள் பெயரை மூன்று முறை மூன்று விதமாக உச்சரித்தார். டெல்ஃபீன் தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை. காதில் இறகு மாட்டிய வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வந்து பக்கத்தில் சம்மணம் போட்டுக்கொண்டு, "இப்ப நீங்க எந்த ஆவியோட பேசிக்கிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"வயித்தோட" என்றாள் டெல்ஃபீன்.

இது கெட்ட வார்த்தையா இல்லையா என்று ஆர்டித் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உண்மையைச் சொன்னதால் குற்றமில்லை என்று தீர்ப்புக் கொடுத்தாள்.

நார்பர்ட் அன்றைக்கு மேடைப்பக்கம் போகவில்லை. முதல் வரிசை நாற்காலி காலியாகக் கிடந்தது. கூடையை லாரியில் ஏற்றி வைத்துவிட்டுத் தூரத்தில் ஒரு கட்டையில் உட்கார்ந்து குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். வேஷம், என்று நினைத்துக்கொண்டாள் டெல்ஃபீன். நினைப்பதற்குத் தடை இல்லை.

மறுநாள் உச்சியில் குழியைத் திறந்தார்கள். இருநூறு பேர் வட்டம் கட்டி நின்றார்கள். மண்ணை வாரி, மேலிலையைப் புரட்டியதும் ஆவி குபீரென்று கிளம்பியது. அடியில் பாசி கன்னங்கரேலென்று, பனைவெல்லப் பாகு இறுகியது மாதிரி மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. டெல்ஃபீன் ஓரத்தில் ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டாள். கண்ணை மூடினாள். எல்லாரும் அவள் தொண்டையையே பார்த்தார்கள்.

"வந்துருச்சு" என்றாள்.

ஆர்டித் ஊளையிட்டாள். பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். எங்கள் வழக்கப்படி வந்தவர் போனவர் எல்லாருக்கும் ஒரே அளவு. பெல்லமிக்கும் கிடைத்தது. அவர் நாக்கில் வைத்துச் சப்பிவிட்டு, "சுவாரசியமா இருக்கு" என்றார்.

"சுவாரசியமா?" என்றாள் டெல்ஃபீன். குழி திறந்தாகிவிட்டது. "சுவாரசியமா இருக்குறதுக்கு இது என்ன உங்க சங்கத்து ஆண்டறிக்கையா? இனிச்சுதா இல்லையா, அதைச் சொல்லுங்க! இனிச்சுதுன்னா போயி அந்தப் பலகையைக் கழட்டி அடுப்புல வைங்க. தாளு ஒட்டற வேலையெல்லாம் இங்க வேண்டாம்!" கூட்டம் கை தட்டிச் சிரித்தது. அவள் முகத்தில் ரத்தம் திரும்ப வந்தது. ஒரு நாள் பட்டினி கிடந்தவள் சோற்றைக் கண்டது போல இருந்தாள்.

எல்லாரும் வாங்கிப் போன பிறகு, கடைசி ஆளாக நார்பர்ட் வந்து தட்டை நீட்டினான்.

"குழி தெறந்தாச்சு" என்றான். "திட்டு."

சுற்றியிருந்தவர்கள் தட்டோடு கிட்டே வந்தார்கள். முப்பது வருஷத்துச் சரக்கு, யார் விடுவார்கள்? டெல்ஃபீன் இடுப்பில் கை வைத்தாள்.

"ஏன்யா, நீயெல்லாம் ஒரு மனுஷன்? எலும்பைத் தோண்டுன அன்னிக்கு வரல. மழையில நாங்க கெடந்தப்ப வரல. இப்பக் கல்லைத் தூக்கிக்கிட்டு வர்றியே, அத்தனை மைல் கரையில வேற எடமே கெடைக்கலையா? எந்தச் சேத்துல போயிப் பொறுக்குன அதை?"

"பெரியம்மா பொறந்த வீட்டடியில."

டெல்ஃபீன் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "என்ன?"

"வெள்ளைப் பாறைக்குக் கீழ, ஓடை வளையுற எடம். மே மாசம் தண்ணி எறங்குனா அடுப்புக்கல்லு தெரியும்."

"அந்த எடம் உனக்கெப்படித் தெரியும்? யாருக்குமே தெரியாதே!"

"பெரியம்மாதான் காட்டுனாங்க." நார்பர்ட் தட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். "உன்னைய உள்ள விடாத ரெண்டாவது வருஷம். என்கிட்ட வந்து, சாகறதுக்குள்ள ஒருவாட்டி பார்க்கணும்னு சொன்னாங்க. கூட்டிக்கிட்டுப் போனேன். சாவடியில மீன் பிடிக்கப் போறோம்னு சொன்னோம். பெரியம்மா கையில ஒரு தூண்டிலைக் குடுத்து உக்கார வச்சிருந்தேன். அந்தப் பையன் நல்லா மீன் கெடைக்கட்டும்மான்னு சொல்லி விட்டுட்டான்."

சுற்றியிருந்தவர்கள் தட்டைக் கீழே இறக்கினார்கள்.

"அதுக்கப்புறம் வருஷா வருஷம் நான் போறேன். வருஷத்துக்கு ஒருவாட்டியாவது யாராவது அங்க நிக்கணும்னு பெரியம்மா கேட்டுக்கிட்டாங்க. எனக்குக் கூட்டத்துல நின்னு அடி வாங்கத் தைரியம் கெடையாது டெல்ஃபி. இது என்னால முடிஞ்சுது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" அவள் குரலில் ஏளனம் இல்லை. எங்கே போயிற்றென்று அவளுக்கே தெரியவில்லை. "முப்பது வருஷம். ஆகஸ்டு ஆகஸ்டா நாயா அலைஞ்சேன். ஒரு வார்த்தை ஏன்யா சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டாங்க."

"யாரு?"

"பெரியம்மா. 'டெல்ஃபிக்குத் தெரிய வேண்டாம். பொய் சொல்லி உள்ள போனேன்னு தெரிஞ்சா என்னைக் கேவலமாப் பார்ப்பா. கடைசிக் காலத்துல அவ அப்படிப் பார்க்குறதை என்னால தாங்க முடியாது'ன்னாங்க."

டெல்ஃபீன் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்த அம்மாவின் முதுகு அவள் கண்முன்னால் வந்து நின்றது. திருட்டுப் பூனை என்று சொல்லித் துப்பியது தன் வாய்தான். ஊரே பயந்த வாய். அம்மாவும் பயந்திருக்கிறாள். ஐயோ, அம்மாவும்.

அவள் குழிக்குள் குனிந்து, நடுவில் மிச்சம் இருந்த நல்ல பகுதியை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

"தின்னு" என்றாள். "தின்னுட்டு வண்டியை எடு. அந்தக் கல்லையெல்லாம் எடுத்த எடத்துலயே வைக்கணும்."

ஆர்டித் பின்னாலேயே ஓடி வந்தாள். "அவ்வளவுதானா? திட்டலையா?"

"போற வழியில திட்டிக்கறேன்."

திட்டவில்லை. இருபது மைல் தூரமும் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அங்கே லாரியை விட்டு இறங்கி, முழங்கால் புதையும் சேற்றில் கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வெள்ளைப் பாறை ஒன்றும் பெரிசில்லை. அவள் எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறாள். ஓடை வளைகிற இடத்தில், சேற்றுக்கு நடுவில், கற்கள் வட்டமாகக் கிடந்தன. வட்டத்தில் ஒரு பக்கம் குழி குழியாகக் காலி. நார்பர்ட் ஒவ்வொரு கல்லாக எடுத்துக் கொடுத்தான், டெல்ஃபீன் அதனதன் குழியில் வைத்து அழுத்தினாள்.

"மீன் ஏதாச்சும் கெடைச்சுதா அன்னிக்கு?" என்று கேட்டாள்.

"பெரியம்மா தூண்டிலைக் கையை விட்டே எறக்கல. திரும்பி வர்றப்ப சாவடியில காட்டணும்னு கெட்டியாப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாங்க. இதோ, இந்தக் கல்லு மேலதான்."

டெல்ஃபீன் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். சேற்றைத் துடைத்துவிட்டாள். பிறகு அதைப் பார்த்தே பேசினாள். "நான் ஒண்ணும் நெனைச்சிருக்க மாட்டேன்மா. சொல்லியிருக்கலாம்."

நார்பர்ட் கூடையைக் கவிழ்த்துத் தட்டினான். "பொய்" என்றான்.

"தெரியும்" என்றாள் டெல்ஃபீன். "வாயை மூடுண்ணே."